கத்தி இருக்கிறது, பயம் எங்கே போனது? சின்ன பட்ஜெட் ஸ்லாஷர் படங்கள் சறுக்கும் இடங்கள்

சின்ன பட்ஜெட்டில் எடுத்த ஸ்லாஷர் படம் ஒன்று மொக்கையாகப் போனால் அதற்கு இரண்டு விளக்கங்கள் எப்போதும் தயாராக இருக்கும். "கையில் காசு இல்லை, அவர்களும்தான் என்ன செய்வார்கள்" என்பது ஒன்று. "காசெல்லாம் ஒரு விஷயமா, ஹாலோவீன் படத்தை என்ன கோடி கோடியாகக் கொட்டியா எடுத்தார்கள், சரக்கு இருந்தால் போதும்" என்பது இன்னொன்று. ஒரே ஆள் காலையில் முதலாவதையும் ராத்திரி இரண்டாவதையும் சொல்வதும் உண்டு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது நமக்குப் பயம் ஏன் வரவில்லை, கொட்டாவி ஏன் வந்தது என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை.

முகமூடி மலிவாகத் தெரிந்ததாலா? ஹாலோவீன் படத்தின் கொலைகாரன் போட்ட முகமூடி இரண்டு டாலருக்கும் குறைவான விலையில் கடையில் வாங்கியதுதான். ஸ்டார் டிரெக் தொடரில் வரும் கேப்டன் கிர்க்கின் முகம் அது. மேலே வெள்ளை பெயின்ட் அடித்து, கண் ஓட்டைகளைப் பெரிதாக்கி, முடியைக் கலைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ரத்தம் போலியாக இருந்ததாலா? அந்தப் படத்தில் ரத்தமே கிட்டத்தட்ட இல்லை. ஆக, நாம் வழக்கமாகக் கை காட்டும் இடங்களில் கோளாறு இல்லை. எங்கே இருக்கிறது என்று அடியிலிருந்து பார்ப்போம். சினிமா படித்திருக்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று ஸ்லாஷர் பார்த்திருந்தால் போதும், பார்க்காவிட்டாலும் பாதகமில்லை. ஒன்றிரண்டு படங்களின் முக்கியக் காட்சிகளை இங்கே உடைத்துச் சொல்ல வேண்டியிருக்கும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

## எது ஸ்லாஷர்?

பயமுறுத்தும் படமெல்லாம் ஸ்லாஷர் ஆகிவிடாது. கத்தியோ கோடரியோ பிடித்த ஒரு கொலைகாரன், பெரும்பாலும் முகத்தை மூடியவன், பேசமாட்டான். ஒரு தெரு, ஒரு கோடை முகாம், ஒரு மாணவியர் விடுதி என்று எல்லை கட்டிய ஓர் இடம். அங்கே ஐந்தாறு இளவட்டங்கள். ஒவ்வொருவராகச் சாகச் சாக, கடைசியில் ஒரு பெண் மட்டும் மிஞ்சி அவனை எதிர்த்து நிற்பாள். இந்தச் சட்டகத்துக்குள் வருவதுதான் ஸ்லாஷர். அந்தக் கடைசிப் பெண்ணை 'ஃபைனல் கேர்ள்' என்பார்கள். கேரல் குளோவர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1987இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய சொல் அது.

1974இல் கனடாவில் வந்த பிளாக் கிறிஸ்துமஸ் போன்ற முன்னோடிகள் உண்டு என்றாலும், மடை திறந்தது 1978இல் ஜான் கார்பென்டரின் ஹாலோவீன் படத்தோடுதான். சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் 4.5 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 1980இல் ஃபிரைடே தி தர்ட்டீன்த்: சுமார் 5.5 லட்சம் டாலர் செலவு, அமெரிக்காவில் 4 கோடி டாலரை ஒட்டிய வசூல். இதைப் பார்த்த பிறகு சும்மா இருப்பார்களா? பெரிய நடிகர் வேண்டாம், ஒரே இடம் போதும், ஆறு புதுமுகங்கள் போதும், முகமூடிக்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம் (ஹாலோவீனிலேயே அதை ஒருவருக்கு மேற்பட்டோர் போட்டிருக்கிறார்கள்). ஏரிக்கரையில் ஒரு மரவீடும் வாடகைக்கு ஒரு கேமராவும் கிடைத்தவர்களெல்லாம் இறங்கினார்கள். இன்றுவரை இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

## பயம் எப்படி உண்டாகிறது?

ராத்திரி உங்கள் வீட்டில் கரண்ட் போகிறது. சமையலறைப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். நெஞ்சு படபடக்கிறது. ஏனென்றால் சத்தம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும், கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழாது என்று தெரியும், அங்கிருந்து நீங்கள் நிற்கும் இடத்துக்கு எத்தனை எட்டு என்பதும் தெரியும். அதே இருட்டில் அதே 'டக்' முன்பின் தெரியாத ஒரு லாட்ஜில் கேட்டால்? ஒரு நொடி திடுக்கிடுவீர்கள், பக்கத்து ரூமாக இருக்கும் என்று திரும்பிப் படுத்துவிடுவீர்கள்.

ஸ்லாஷர் படம் உண்டாக்குவதும் இந்த இரண்டில் ஒன்றைத்தான். லாட்ஜ் வகைக்கு ஜம்ப் ஸ்கேர் என்று பெயர்: எதிர்பாராமல் ஓர் உருவமோ சத்தமோ வந்து உடம்பைத் தூக்கிப் போடுவது. சொந்த வீட்டு வகைக்குப் பெயர் சஸ்பென்ஸ்: ஆபத்து எங்கே இருக்கிறது, ஆள் எங்கே இருக்கிறார், நடுவில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பது. முதலாவதுக்குச் செலவே இல்லை, பூனையைத் தூக்கி எறிந்தால் போதும், அதனால்தான் மலிவான படங்கள் அதிலேயே பிழைப்பு நடத்துகின்றன. இரண்டாவதுக்கு நம்மை அந்த இடத்தோடு பழக்க வேண்டும்.

ஹாலோவீனின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவின் இந்தப் பக்கம் ஒரு வீடு, எதிரே ஒரு வீடு. இந்த வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் லோரி, எதிர்வீட்டில் அவள் தோழி. சிறுவன் டாமி ஜன்னலிலிருந்து எதிர்வீட்டைப் பார்க்கிறான், லோரி போன் பேசும்போதும் அங்கேதான் பார்க்கிறாள். ஒன்றும் நடக்காத இந்தக் காட்சிகளில் அந்தத் தெருவின் அகலம் நமக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது. பிறகு அவள் எதிர்வீட்டுக்குப் போய், பிணங்களைப் பார்த்து, கையில் வெட்டு வாங்கித் தப்பி வெளியே ஓடுகிறாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். விளக்கு எரிகிறது, யாரோ எட்டிப் பார்க்கிறார்கள், விளக்கு அணைகிறது. தெருவைத் தாண்டி டாமியின் வீட்டு வாசலுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது, சாவியைக் காணோம். பூந்தொட்டியை மாடி ஜன்னலில் எறிந்து பையனை எழுப்புகிறாள். அவன் தூக்கக் கலக்கத்தில் இறங்கி வருகிறான். கொலைகாரன் தெருவைக் கடந்து நடந்து வருகிறான். ஓடவில்லை, நடக்கிறான்.

செலவுக் கணக்குப் பாருங்கள்: ஒரு தெரு, இரண்டு வீடு, ஒரு பல்பு, ஒரு பூந்தொட்டி. லாஸ் ஏஞ்சலஸில் ஆரஞ்ச் குரோவ் அவென்யூவில் எதிரெதிரே நிஜமாகவே இருக்கும் இரண்டு வீடுகள் அவை. அந்தத் தெரு நமக்கு முன்பே பழகியிருக்காவிட்டால், இதே காட்சி யாரோ ஒரு பெண் யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதாக முடிந்திருக்கும்.

சுருக்கமாக: திடுக்கிட வைக்கச் சத்தம் போதும், பயப்பட வைக்க இடமும் தூரமும் தெரிய வேண்டும். காசில்லாத படங்களில் முதலில் நொறுங்குவது இந்த இரண்டும்தான்.

## காசு குறைந்தால் நாள் குறையும்

படப்பிடிப்பில் நாள்தான் பெரிய செலவு. வாடகை, சாப்பாடு, சம்பளம் எல்லாம் நாள் கணக்கில்தான் ஓடும். ஆகவே காசு இல்லை என்றால் முதலில் கை வைப்பது நாள்களின் எண்ணிக்கையில். ஹாலோவீனுக்குச் சுமார் 20 நாள் கிடைத்தது. பாதி அளவு நாளில் முடித்த படங்கள் ஏராளம்.

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். 90 நிமிடப் படம், 12 நாள். ஒரு நாளைக்கு ஏழரை நிமிடப் படம் எடுத்தாக வேண்டும். சாப்பாடு, இடமாற்றம், ஜெனரேட்டர் தகராறு எல்லாம் போக உருப்படியாகப் பத்து மணி நேரம் கிடைக்கிறது என்று வையுங்கள். ஒரு ஷாட்டுக்குக் கேமராவை நகர்த்தி, விளக்கை மாற்றி, ஒத்திகை பார்த்து, இரண்டு மூன்று டேக் எடுக்க அரை மணி என்றால் அது வேகமான யூனிட். அப்போதும் நாளைக்கு 20 ஷாட்தான். ஏழரை நிமிடத்தை 20 ஷாட்டால் நிரப்பினால் ஒவ்வொன்றும் இருபது விநாடிக்கு மேல் ஓடியாக வேண்டும். துரத்தல் காட்சியில் இருபது விநாடி என்பது யுகம்.

அப்புறம் என்ன செய்வார்கள்? கேமராவை ஒரு மூலையில் வைத்து முழுக் காட்சியையும் ஒரே கோணத்தில் எடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். இங்கேதான் கவரேஜ் என்ற விஷயம் வருகிறது. ஒரே காட்சியைத் தூரத்திலிருந்தும் கிட்டத்திலிருந்தும், இவர் முகம், அவர் முகம், கையில் இருக்கும் சாவி என்று பல கோணங்களில் எடுத்து வைப்பதுதான் கவரேஜ். எடிட்டருக்கு இதுதான் மூலப்பொருள். இது இல்லாவிட்டால் அவரால் எதையும் வெட்ட முடியாது, எதையும் ஒளிக்கவும் முடியாது. கதவைத் திறந்த பெண் அறையின் அந்தக் கோடி வரை நடந்து போவதை நாமும் கூடவே நடந்து பார்க்க வேண்டியிருக்கும். சாவி விழுந்ததைக் காட்டும் ஷாட் இருக்காது, ஆகவே அவள் ஏன் கதவைத் திறக்காமல் நிற்கிறாள் என்று புரியாது. அவள் இடமிருந்து வலமாக ஓடுவாள், அடுத்த ஷாட்டில் அவன் வலமிருந்து இடமாக வருவான். துரத்துகிறானா, வேறு ஜோலியாகப் போகிறானா என்றே தெரியாது.

இந்தப் படங்களைப் பற்றிச் சொல்லப்படும் "நடிப்பு படுமோசம்" என்ற குறையிலும் பாதிப் பங்கு இதற்குத்தான். புதுமுகம், ஒத்திகை கிடையாது, முதல் டேக்கே ஓகே. வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் அவர் யோசித்து விழுங்கும் அந்த ஒரு விநாடியைச் சாதாரணப் படத்தில் எடிட்டர் எதிராளியின் முகத்தைக் காட்டி விழுங்கிவிடுவார். இங்கே எதிராளியின் முகத்தை எடுக்கவே இல்லை. அதனால் அந்த விநாடி அப்படியே திரையில் நிற்கும், திட்டு நடிகருக்கு விழும்.

## இருட்டை எடுக்க வெளிச்சம் வேண்டும்

புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்கள் பலரும் ஏமாறும் இடம் இது. ராத்திரிக் காட்சிதானே, விளக்கு எதற்கு, செலவு மிச்சம் என்று நினைப்பார்கள். கேமராவுக்குக் கண்ணளவுக்குத் திறமை கிடையாது. திரையில் நாம் ரசிக்கும் இருட்டு என்பது கவனமாக வைத்த வெளிச்சம்: ஓரத்தில் ஒரு கீற்று, பின்னால் லேசான நீலம், நடுவில் ஆளின் கறுப்பு உருவம். விளக்கே வைக்காமல் எடுத்தால் வெறும் கறுப்பும் அதன் மேல் கொசகொசவென்று புள்ளிகளும்தான் கிடைக்கும். கேமராவுக்குப் பக்கத்திலேயே ஒரே ஒரு பெரிய விளக்கை வைத்தால் முகம் வெளுத்துச் சப்பையாகி, காடு முழுக்கக் கறுப்புத் திரை மாட்டியதுபோல் ஆகிவிடும். மூன்றாவதாக ஒரு குறுக்கு வழி உண்டு, அதன் பெயர் டே ஃபார் நைட்: பகலில் எடுத்துவிட்டு, வெளிச்சத்தைக் குறைத்து நீலம் பூசி ராத்திரி என்று சொல்வது. வானம் தெரியாமல் எடுத்தால் ஓரளவு தப்பிக்கலாம். மலிவான படங்களில் வானம் தெரியும், தரையில் மரத்தின் நிழலும் கூர்மையாக விழுந்து கிடக்கும்.

ஹாலோவீனில் லோரி அழுதுகொண்டே வாசல் நிலையில் சாய்ந்து நிற்கிறாள், பக்கத்தில் திறந்த கதவு, உள்ளே கும்மிருட்டு. ஒரு சில விநாடிகள் ஒன்றும் இல்லை. பிறகு அந்தக் கறுப்பிலிருந்து வெள்ளை முகமூடி மெதுவாகத் தெளிகிறது. அவன் வந்து நிற்கவில்லை, ஏற்கெனவே அங்கேதான் நின்றுகொண்டிருந்திருக்கிறான் என்று நமக்கு உறைக்கிறது. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி செய்தது, முகமூடியின் மேல் விழும் சின்ன விளக்கு ஒன்றை டிம்மரால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியதுதான். எடிட்டிங் வெட்டும் இல்லை, விசேஷ வித்தையும் இல்லை. ஆனால் அந்த அறைக்குள் இருந்த மற்ற வெளிச்சம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தியிருந்தால்தான் இது முடியும், அதற்கு நேரம் வேண்டும். இந்தப் படத்தை எடுத்தவர்கள் எதில் மிச்சம் பிடித்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். நடிகர்கள் பலர் சொந்த உடையில் வந்தார்கள். கதைப்படி இலையுதிர்காலம், எடுத்ததோ கலிபோர்னியாவின் வசந்தகாலத்தில்; ஆகவே இலைகளுக்குப் பெயின்ட் அடித்துத் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் பொறுக்கி மூட்டை கட்டி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் வாடகை கூடிய பானாவிஷன் அகலத்திரை லென்ஸில் கஞ்சத்தனம் காட்டவில்லை. திரையின் ஓரத்தில் அவன் நிற்பதை நாம் தேடிக்கொண்டே இருப்பது அந்த அகலத்தால்தான்.

சில நேரம் இடமே விளக்குக்கு எதிரியாகிவிடும். 1981இல் வந்த மை பிளடி வேலன்டைன் படத்தைக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், மூடிக்கிடந்த ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் எடுத்தார்கள். மீத்தேன் வாயு அபாயத்தால் உள்ளே கொண்டுபோகக்கூடிய விளக்குகளுக்குக் கட்டுப்பாடு. போதாததற்கு, சினிமாக்காரர்கள் வருகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் சுரங்கத்தைச் சுத்தம் செய்து பெயின்ட் அடித்துவைத்துவிட, அதைத் திரும்ப அழுக்காக்கவே தனியாகச் செலவழிக்க வேண்டியதாயிற்று! இருந்தும் அந்தச் சுரங்கம் படத்தைக் காப்பாற்றியது. தொப்பி விளக்கு மட்டும் அசைந்து வர, பின்னால் இருக்கும் உருவம் சக தொழிலாளியா கொலைகாரனா என்று தெரியாத அந்த மங்கல், காசு கொடுத்தாலும் செட்டில் வராது.

## காதுக்குத் தெரிந்துவிடும்

படம் மலிவானது என்று கண் சொல்வதற்கு முன்பே காது சொல்லிவிடும். ஒரு ஷாட்டில் பின்னணியில் பூச்சிச் சத்தம், அடுத்த ஷாட்டில் அது அறுந்து போய் ஒரு மெஷின் இரைச்சல், மறுபடி பூச்சி. இரண்டு ஷாட்டும் வெவ்வேறு நேரத்தில் எடுத்தவை என்று பிடிபட்டுவிடுகிறது. ரூம் டோன் எடுத்திருந்தால் இது நடக்காது: ஆள்கள் எல்லோரும் வாயை மூடி நிற்க, அந்த இடத்தின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்து வைப்பதற்குப் பெயர் ரூம் டோன். பிறகு அதை அடியில் பரப்பினால் ஒட்டுத் தெரியாது. அரை நிமிட வேலைதான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மொத்த யூனிட்டும் பசியில் இருக்கும்போது யாரும் செய்வதில்லை. டப்பிங் பேசினால் சரியாகிவிடாதா என்றால், வசனம் சரியாகும். வசனம் தவிர்த்த காலடி, உடைச் சரசரப்பு, கதவுக் கிறீச் எல்லாவற்றையும் ஸ்டுடியோவில் புதிதாக உண்டாக்க வேண்டும். ஃபோலி என்று பெயர். அதற்குக் காசு இல்லாத படத்தில், டப்பிங் குரலில் அலறும் பெண் சருகின் மேல் ஓடினாலும் சருகு பேசாது. டப்பிங்கிலேயே வளர்ந்த நம் காதுக்குக்கூட அது உறுத்தும்.

இசை இதைவிடப் பெரிய விஷயம். இசை சேர்ப்பதற்கு முன் ஹாலோவீனை ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவருக்குத் துளியும் பயம் வரவில்லை என்று கார்பென்டரே சொல்லியிருக்கிறார். பிறகு அவரே உட்கார்ந்து போட்ட அந்தப் பியானோ மெட்டு ஐந்து எண்ணிக்கையில் சுழல்வது. நாலில் பழகிய காதுக்கு ஒரு கால் இடறிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். ஃபிரைடே தி தர்ட்டீன்த் படத்தில் இசையமைப்பாளர் ஹாரி மான்ஃப்ரெடினி இன்னொரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்: கொலையாளி பக்கத்தில் இருந்தால் மட்டும் இசை. முகத்தைக் கடைசி வரை காட்டாத கதை அது, ஆகவே ஆபத்து எவ்வளவு தூரத்தில் என்ற தகவலைக் காது வழியாகக் கொடுத்தார். மலிவான நகல்களில் முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை 'ஊஊம்' என்று ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். எப்போதும் ஒலிக்கும் எச்சரிக்கை எதையும் எச்சரிக்காது.

இதுவரை: நாள் குறைந்தால் கோணங்கள் குறைகின்றன, அதனால் தூரம் தெரிவதில்லை. விளக்கு வைக்க நேரமில்லாததால் இடம் தெரிவதில்லை. ஒலியைக் கவனிக்காததால் இருக்கிற கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போகிறது.

## ரத்தமும் ஒரே சட்டையும்

ரத்தக் காட்சிகள் பற்றி நீட்டப் போவதில்லை, ஏனென்றால் எல்லோரும் பேசுவது இதைத்தான். போலி ரத்தம் விலை குறைந்தது, சர்க்கரைப் பாகும் நிறமும்தான். அது சட்டையில் பட்டுவிட்டால் ரீடேக்குக்கு இன்னொரு சட்டை வேண்டும், சுவரைத் துடைக்க வேண்டும், ஒப்பனையைக் கழுவித் திரும்பப் போட வேண்டும். இரண்டு மணி நேரம் காலி. அதனால்தான் சின்னப் படங்களில் கொலை பாதியில் வெட்டியதுபோல் முடியும், கத்தி உடம்பிலிருந்து அரை அடி தள்ளி இறங்கும். எடுத்தது ஒரே டேக். 1974இல் வந்த தி டெக்சஸ் செயின் சா மசாக்கர் படத்தில் நடிகர்களுக்கு மாற்று உடை கிடையாது, டெக்சஸ் கோடையில் வாரக்கணக்கில் அதையே போட்டார்கள். கொலைகாரனாக நடித்தவரின் சட்டைக்குச் சாயம் போட்டிருந்ததால் துவைக்கக்கூட விடவில்லை. நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஒரே டேக்கில் ஒப்பேறிய அதிர்ஷ்டமும் உண்டு. ஃபிரைடே தி தர்ட்டீன்த் படத்தில் கட்டிலில் படுத்திருக்கும் நடிகர் கெவின் பேக்கனின் கழுத்தைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து அம்பு வரும். அவர் உண்மையில் கட்டிலுக்கு அடியில் மண்டியிட்டு, ஓட்டை வழியாகத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார். கழுத்தும் மார்பும் ஒப்பனைக் கலைஞர் டாம் சவீனி செய்த பொம்மை. ரத்தம் பாய்ச்சும் குழாய் பம்பிலிருந்து கழன்றுவிட்டது. இன்னொரு பொம்மைக் கழுத்து கிடையாது. உதவியாளர் சட்டென்று குழாயை வாயில் வைத்து ஊதினார், ரத்தம் குபுகுபுவென்று வந்தது, அதுதான் படத்தில் இருக்கிறது.

## 90 நிமிடத்தை நிரப்புவது

விநியோகஸ்தர் முழுநீளப் படம் கேட்பார். கையில் இருப்பது ஐம்பது நிமிடக் கதை. மீதிக்கு? காரில் போவார்கள், பெட்டியை இறக்குவார்கள், ஏரியில் குளிப்பார்கள், பார்ட்டியில் ஆடுவார்கள், ஒருவர் காட்டுக்குள் விறகு பொறுக்கப் போவார். இந்த அடைசலின் உச்சம் 1987இல் வந்த சைலன்ட் நைட், டெட்லி நைட் படத்தின் இரண்டாம் பாகம். ஏறக்குறைய முதல் பாதி முழுக்க நாயகன் உட்கார்ந்து கதை சொல்ல, முதல் பாகத்தின் காட்சிகளே மறுபடி ஓடும். தயாரிப்பாளர்கள் முதலில் கேட்டது பழைய படத்தையே வெட்டி ஒட்டித் தருமாறுதான் என்பதால், புதிதாகக் கொஞ்சம் எடுத்ததே பெரிய காரியம்.

இன்னொரு அடைசலைக் கவனித்திருப்பீர்கள். போஸ்டரில் கொட்டை எழுத்தில் ஒரு பழைய நட்சத்திரம். படத்தில் அவர் ஓர் ஆபீசில் உட்கார்ந்து போன் பேசுவார், நாலு காட்சி, ஒரே சட்டை. அவருக்கு ஒன்றிரண்டு நாள் சம்பளம்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதில் தப்பில்லை. ஹாலோவீனிலும் டொனால்டு பிளெசன்ஸுக்கு ஐந்து நாள், 20 ஆயிரம் டாலர். கதாநாயகி ஜேமி லீ கர்டிஸின் மொத்தச் சம்பளமே 8 ஆயிரம்தான். ஆனால் அந்த ஐந்து நாளில் அவரைத் தெருவில் இறக்கி, கொலைகாரனைத் தேடி அலைய விட்டு, கடைசியில் மாடிப்படி ஏறி வந்து சுட வைத்தார்கள். கதைக்கு வெளியே அவர் நிற்கவில்லை.

## "அவள் ஏன் வெளியே ஓடவில்லை?"

ஸ்லாஷர் பார்க்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி. பாத்திரத்தை முட்டாளாக எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் உண்மைக் காரணம் வாடகை: அவர்களிடம் இருப்பது அந்த ஒரே வீடு. வெளியே ஓடினால் தெரு வேண்டும், தெருவுக்கு அனுமதி வேண்டும், ராத்திரியில் அந்த நீளத்துக்கு விளக்கு வேண்டும். ஆகவே அவள் மாடிக்குத்தான் ஓடுவாள்.

இது மன்னிக்கக்கூடிய நெருக்கடி. அதை மறைக்காமல் விட்டதுதான் மன்னிக்க முடியாதது, ஏனென்றால் மறைப்பதற்குக் காசு தேவையில்லை. மேலே பார்த்த பக்கத்து வீட்டு விளக்கை நினைத்துப் பாருங்கள். வெளியே ஓடினாள், உதவி கேட்டாள், உலகம் விளக்கை அணைத்துவிட்டது. இனி உள்ளே ஓடுவதைத் தவிர வழியில்லை என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். எழுதும்போது செலவிட்ட இரண்டு வரி அது.

## பட்ஜெட் மேல் போடக்கூடாத பழிகள்

எழுத்து விஷயம் என்று வந்துவிட்டால் காசைக் காரணம் காட்ட முடியாது. ஆறு பேரில் யார் ஜெனி, யார் டெபி என்று அரை மணி நேரம் கழித்தும் தெரியவில்லை என்றால் அது எழுதியவரின் சோம்பல். ஒருத்திக்குக் கார் ஓட்டப் பயம், ஒருவன் எல்லோரையும் கலாய்ப்பான் என்று ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தால்கூடப் போதும்.

கேமராவின் பொய்யும் இந்த வகைதான். கொலைகாரனின் கண் வழியாகக் காட்டும் ஷாட்டுக்குப் பாயின்ட் ஆஃப் வியூ என்று பெயர். மரத்துக்குப் பின்னாலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஜன்னலை நோக்கி நகரும். ஆளைக் காட்ட வேண்டியதில்லை, நடிகர் சம்பளம் மிச்சம் என்பதால் மலிவான படங்களுக்கு இது அல்வா சாப்பிடுவது மாதிரி. ஆனால் அப்படி நகர்ந்து வந்து தோளைத் தொட்டவன் காதலன், சும்மா விளையாடினான் என்று ஒரு முறை ஏமாற்றினால் பரவாயில்லை. மூன்றாவது முறையும் அதையே செய்தால் அப்புறம் நிஜக் கொலைகாரன் வரும்போது நாம் பாப்கார்னைத் தேடிக்கொண்டிருப்போம்.

காசு எங்கிருந்து வந்தது என்பதற்கும் பங்கு உண்டு. 1970களின் நடுவில் கனடா, உள்நாட்டுப் படத்தில் போட்ட முதலை வருமான வரியிலிருந்து 100 சதவீதம் கழித்துக்கொள்ள அனுமதித்தது. அந்தச் சலுகைக் காலத்தில்தான் அங்கே ஸ்லாஷர்கள் குவிந்தன. சிலது நன்றாகவே வந்தன. ஆனால் வரி மிச்சத்துக்காகப் பணம் போட்டவருக்குப் படம் எப்படி வந்தது என்று கேட்கும் அவசரம் கொஞ்சம் குறைவாகத்தானே இருக்கும்.

கடைசியாக, எடுத்தவர்கள் மேல் சுமத்தவே கூடாத ஒரு குறை: தணிக்கை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தரச்சான்று அமைப்பு ரத்தக் காட்சிகளில் கத்தரியைத் தாராளமாக வைத்தது. மை பிளடி வேலன்டைன் படத்தின் கொலைக் காட்சிகள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் கை வைத்தார்கள். ஆயுதம் ஓங்கும், அடுத்த ஷாட்டில் பிணம் கிடக்கும். வெட்டியதில் ஒரு பகுதி 2009 டிவிடியில் திரும்பி வந்தபோது பார்த்தால், ஒப்பனை வேலை அந்தக் காலத்துக்குப் படு நேர்த்தி. 1981 பிரதியை மட்டும் பார்த்துவிட்டு "இவர்களுக்குக் கொலையே ஒழுங்காக எடுக்கத் தெரியவில்லை" என்று சொன்னவர்கள் பார்த்தது கத்தரியின் வேலையைத்தான்.